டோனர் என்னும் பெயர்ச்சொல்

அந்த அறையில் ஏசி அதிகம். மல்லிகா முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ஏழுமலை. எதிரே டாக்டர். ஓரமாக ஒரு பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு சுவரோரம் இருந்தேன். டயாலிசிஸ் முடித்து நேராக வந்ததால் என் கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே ஒட்டியிருந்தன.

மல்லிகா என் தங்கை. மரக்காணம் உப்பளத்தில் வேலை. நான் அப்போது அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். என் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், அவளுடையதில் ஒன்றை எடுத்து எனக்கு வைப்பதற்குத் தேதி குறிக்கிற நாள் அது.

டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் பேசுவார்.

"டோனருக்குப் பெரிய கட்டுப்பாடு எதுவும் கிடையாதும்மா. ஒரு கிட்னி தாராளமா போதும். பி.பி. பாத்துக்கணும். வலி மாத்திரை கடையில வாங்கிப் போடக் கூடாது. முக்கியமா தண்ணி. ஒரு நாளைக்கு மூணு லிட்டர். வெயில்ல இருந்தா இன்னும் கூட."

"சரிங்க சார்," என்றாள் மல்லிகா.

ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், இது பழையபடி உப்பு வேலைக்குப் போலாங்களா?"

"அது என்ன வேலை?"

"பாத்தியில உப்பு வார்றதுங்க. கூடையில தூக்கினு போயி கரையில கொட்டணும்."

"மூணு மாசம் வெயிட் தூக்க வேணாம். அப்புறம் எல்லா வேலையும் செய்யலாம். தண்ணி மட்டும் விடாம குடிச்சிட்டே இருக்கணும், அவ்ளோதான். வேற ஏதாவது கேக்கணுமா?"

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். கேட்க எதுவும் இல்லை. ஆனால் சொல்ல ஒன்று இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லவில்லை.

பத்திரிகையில் இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட அன்றே இந்த அறை என் கண்முன் வந்து நின்றது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, பள்ளிக்கூடம், டிரான்ஸ்பர், மாமியார் என்று என்னென்னவோ எழுதி வாரங்களை ஓட்டினேன். 'உங்கள் பக்கத்தைப் படித்தால் சிரிப்பு வருகிறது டீச்சர்' என்று கடிதம் வேறு. இந்த வாரம் சிரிக்க அதிகம் இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலகையில் எழுதிய வார்த்தை

டோனர் என்ற வார்த்தையை எத்தனை வருடம் எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன்! ஒன்பதாம் வகுப்பில் ரத்த தானம் பற்றி ஒரு பாடம் வரும். பலகையில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு, "பெயர்ச்சொல். கொடுப்பவர் என்று அர்த்தம். வாக்கியத்தில் அமைத்து எழுது" என்பேன்.

பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிற ரத்தத்தை விட்டுவிடுவார்கள். தாங்கள் பார்த்ததை எழுதுவார்கள். 'எங்கள் கோயில் மணிக்கு டோனர் சிங்கப்பூரில் இருக்கிறார்.' 'டோனர் பெரிய காரில் வந்தார்.' ஒருத்தி மட்டும், 'டோனர் வரும்போது நாங்கள் வெயிலில் நின்றோம்' என்று எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாததால் முழு மதிப்பெண் போட்டேன்.

அது உண்மைதான். எங்கள் பள்ளிக்கு ஒருவர் இருபது பெஞ்சு வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு பெஞ்சின் சாயும் பலகையிலும் அவருடைய பெயரும் 'அன்பளிப்பு' என்ற எழுத்தும் சிவப்புப் பெயிண்டில். விழாவுக்கு முதல் நாள் எழுதியது, கடற்கரை ஈரத்தில் சரியாகக் காயவில்லை. விழாவில் அந்த மனிதரையே முதல் பெஞ்சில் உட்கார வைத்து போட்டோ எடுத்தார்கள். எழுந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகில் அவர் பெயர் இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது. சொல்வதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார். அன்று வரவேற்புரை வாசித்தவள் நான்தான். 'வள்ளல்' என்று மூன்று இடத்தில் வந்தது.

புயலடித்து, பாத்தியெல்லாம் மூழ்கி, மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போன வருடத்தில் இந்த வார்த்தை எங்கள் தெருக்களுக்குள்ளேயே வந்துவிட்டது. 'டோனர் வந்திருக்காங்க' என்று ஒரு குரல் கேட்டால் போதும், வரிசை நிற்கும். வாளியும் போர்வையும் கொடுப்பார்கள். வாளியில் ஸ்டிக்கர் இருக்கும். 'வாளியைத் திருப்பிப் பிடிங்கம்மா, பேரு தெரியல' என்பார் போட்டோ எடுப்பவர்.

அந்த வரிசையில் மல்லிகாவும் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "ஏங்க்கா, போட்டோ எடுக்கறப்ப சிரிக்கணுமா, சிரிக்கக் கூடாதா? சிரிச்சா இவளுக்கு இன்னா கஷ்டம்னு நெனச்சிக்குவாங்க. சிரிக்காட்டி நன்றி இல்லாதவன்னு நெனச்சிக்குவாங்க."



ஆக, எங்கள் பக்கத்தில் டோனர் என்றால் வெளியூர்க்காரர். கார் உள்ளவர், பெயர் உள்ளவர், மாலையோடு போகிறவர். தமிழில் இதற்கு இருக்கிற உபயதாரர், கொடையாளர், புரவலர் எல்லாமே கொஞ்சம் உயரமான வார்த்தைகள்தான். உப்பு வாருகிற ஒருத்திமீது இவற்றில் ஒன்றையாவது பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நனைச்சிக்கோ

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் எங்கள் உப்பளத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள். அழகுதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டை. கட்டம் கட்டமாகப் பாத்தி, நடுவில் வரப்பு, கரையில் வெள்ளைக் குவியல். மரம் இல்லை, சுவர் இல்லை.

அதாவது மறைவு இல்லை. ஒரு பெண்ணுக்கு ஒதுங்க வேண்டுமென்றால் தூரத்து வேலிகாத்தான் புதருக்குத்தான் போக வேண்டும். போகிற வழியெல்லாம் வரப்பில் ஆம்பிளைகள். நடந்து போய்த் திரும்புவதற்குள் மேஸ்திரி நாலு முறை கத்துவார். அதனால் பெண்கள் விடிவதற்கு முன்பே வீட்டில் போய்விட்டு வருவார்கள். அதன்பிறகு உச்சி வெயில் தாண்டி வீடு திரும்பும்வரை கிடையாது. அப்படி இருப்பதற்கு ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

இது யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் சட்டத்தைவிடக் கறாராக நடந்தது. எட்டாவது முழுப் பரீட்சை லீவில் அம்மாவோடு நானும் உப்பளத்துக்குப் போனேன். முதல் நாளே தண்ணீர் கேனை நீட்டி அம்மா சொன்னது, "வாய நனைச்சிக்கோ. குடிக்காத." தண்ணீரை வாயில் வைத்துச் சுழற்றி, அது சூடாகும்வரை வைத்திருந்து, துப்பிவிட வேண்டும். நான் தெரியாமல் ஒரு மடக்கு விழுங்கிவிட்டேன். பக்கத்துப் பாத்திப் பெண்கள் பார்த்துவிட்டு, "ஏண்டி, உள்ள ஏரி வெட்டி வெச்சிருக்கியா?" என்று சிரித்தார்கள்.

பழகியவர்களுக்கு அதில் பெருமையும் உண்டு. 'நான் ஒரு சொம்போட நாள ஓட்டிடுவேன்' என்பார்கள். நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு புடிச்சிக்கிச்சி' என்று சொல்லி, கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு மறுநாளும் வருவார்கள். எங்கள் அம்மாவின் கட்டைவிரல் வருஷத்தில் பாதி நாள் வெள்ளையாகத்தான் இருந்தது.

நான் இரண்டு லீவோடு தப்பித்தேன். படிப்பு வந்தது. பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது அப்பா படுத்த படுக்கையானார். மல்லிகா என்னைவிட எட்டு வயது சின்னவள், ஏழாம் வகுப்பு. அம்மாவோடு பாத்திக்கு இன்னும் ஒரு ஆள் போயாக வேண்டியிருந்தது. 'ஸ்கூல வுட்டு நின்னுடு' என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் எனக்கு ஏதோ தேர்வு. நான் ஹாஸ்டலில் இருந்தேன்.

கேட்காமல் கேட்டது

எனக்கு ரத்த அழுத்தம் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு பாடம் நடத்தியவளுக்குச் சிறுநீரகம் போனதே கடைசியில்தான் தெரிந்தது. ஒரு வருடம் டயாலிசிஸ். சொந்தத்தில் யாராவது கொடுத்தால் நல்லது என்றார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அவருடையது ஆகாது. என் மகன் முன்வந்தான். "அம்மா, என்னுத டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றான். நான் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'இனிமேல்தான் அவனுக்கு வாழ்க்கையே இருக்கிறது' என்று எல்லோரிடமும் சொன்னேன். இதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. தாய் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அதைச் சொன்ன கையோடு எங்கே போனேன் என்பதுதான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோ பிடித்து மல்லிகா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டயாலிசிஸ் கதையெல்லாம் சொன்னேன். ஊசியின் பருமனைச் சொன்னேன். பிறகு, "அக்கா தங்கச்சின்னா நல்லா சேருமாம், டாக்டர் சொல்றாரு" என்றேன். உடனே, "அதெல்லாம் நடக்கற காரியமா, விடு" என்றும் சொன்னேன்.

கேட்காமல் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும். முப்பது வருட வாத்தியார் வேலையில் அதைத்தான் கற்றேன்.

மல்லிகா கையில் இருந்த மீனை முழுதாக ஆய்ந்து சட்டியில் போட்டாள். தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள்.

"எப்பக்கா வரணும்?" என்றாள்.

நான் அழுதேன். பொய் அழுகை இல்லை. ஆனால் ஆட்டோவில் ஏறும்போதே அவள் இதைத்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதையும் சேர்த்து எழுதினால்தான் இது உண்மையான குறிப்பு.

பெயரைக் கழற்றி வைத்த இடம்

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குப் பெயர் போய்விட்டது. 'டோனர் சாப்ட்டாச்சா?' 'டோனருக்கு எக்ஸ்ரே எடுக்கணும், அனுப்புங்க.' 'டோனர் அட்டெண்டர் யாரு?' நர்ஸுகள்மேல் குறை சொல்ல மாட்டேன். யார் யாரென்று குழம்பாமல் இருக்க அவர்களுக்கு அந்த வார்த்தை வேண்டும்.

எங்களுக்கு எதற்கு அது வேண்டியிருந்தது? ஒரே வாரத்தில் எங்கள் சொந்தக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். கல்யாணத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிந்து நிற்பதுபோல, டோனர் பக்கம், பேஷன்ட் பக்கம் என்று ஆகிவிட்டது. 'டோனருக்கு நாலு இட்லி வாங்கிட்டு வா' என்று என் வீட்டுக்காரர் மகனை அனுப்பினார். நானும் ஹெட்மாஸ்டரிடம் போனில், 'டோனர் நல்லா கோஆபரேட் பண்றாங்க சார்' என்றேன். இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கையை!

அனுமதி கொடுக்கிற கமிட்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. கேமரா வைத்துப் பதிவு செய்தார்களாம். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டதற்கு, "எங்க அக்காவுக்குக் குடுக்கறதுக்கு என்னை யாருங்க கட்டாயப்படுத்தணும்?" என்றிருக்கிறாள். வெளியே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சேலையைக் கூட கேமராவுக்காக நல்லதாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கிருமி தொற்றக் கூடாது என்று எனக்குக் கண்ணாடி அறை, எப்போதும் மாஸ்க். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் வந்து வந்து கையாட்டிவிட்டுப் போனார்கள். பள்ளியிலிருந்து ஒரு வேனே வந்தது. மல்லிகா இரண்டு மாடிக்குக் கீழே பொது வார்டில் இருந்தாள். கூட ஏழுமலை மட்டும். என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கீழே இறங்கிப் போகவில்லை. லிஃப்ட் அந்த மாடியில் நிற்கும்தான். யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் அவளை டிஸ்சார்ஜ் செய்தார்கள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து மரக்காணத்துக்கு டவுன் பஸ். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். எனக்கு இது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் வீட்டுக்கு வரும்போது கார் வைத்து, சீட்டில் புது பெட்ஷீட் விரித்திருந்தார்கள்.

"பஸ்லயா வந்தே?" என்று போனில் கேட்டேன்.

"ஜன்னலோரம் சீட்டு கெடச்சிதுக்கா," என்றாள்.

திரும்பவும் அந்த அறை

டாக்டர் 'வேற ஏதாவது கேக்கணுமா' என்றாரே, அங்கே திரும்புகிறேன்.

மல்லிகாவால் அதைச் சொல்ல முடியாது. பக்கத்தில் புருஷன், எதிரே ஆம்பிளை டாக்டர். ஒதுங்க இடம் இல்லை, அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. மேடையில் பேசியவள், நாலு கலெக்டரை வரவேற்றவள். 'சார், உப்பளத்தில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. இவள் அங்கே போனால் உங்கள் மூணு லிட்டர் நடக்காது' என்று இரண்டு வாக்கியம்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். கம்ப்யூட்டர் பெண் அதைத் தட்டியிருப்பாள். முதலில் வேலையை மாற்றிக்கொண்டு வாருங்கள், இரண்டு மாதம் போகட்டும் என்றிருப்பார்கள். டோனர் சரிப்படாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு மாதம் இல்லை என்று நினைத்தேன். கையில் ஊசி குத்த இடம் இல்லாமல் இருந்தது. பயம். சுயநலத்துக்குப் பயம் என்று பெயர் வைத்துக்கொண்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவும் சொன்னேன். "மூணு மாசம் போவட்டும். நம்ம ஸ்கூல்லயே சத்துணவுல ஒரு வேலை பாக்கறேன்." ஹெட்மாஸ்டரிடம் ஒருமுறை கேட்டேன். காலி இடம் இல்லை என்றார். இரண்டாம் முறை கேட்கவில்லை.

அதற்குள் எனக்கு உடம்பு தேறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! டயாலிசிஸில் அளந்து குடித்த ஒரு வருடத்துக்குப் பிறகு வயிறாரத் தண்ணீர் குடித்தேன். என் வீட்டுக்காரர் மணிக்கொரு முறை டம்ளரை நீட்டுவார். சோறு ருசித்தது. மாடிப்படி ஏறினேன். நன்றாக இருக்கிறவர்களுக்கு மறதி சீக்கிரம் வரும் என்பதை நான் என்னிடமே பார்த்தேன்.

நாலாம் மாதம் மல்லிகா பாத்திக்குத் திரும்பினாள். டோனருக்கு வருடம் ஒருமுறை பரிசோதனை உண்டு. முதல் வருடம் என்னோடு வந்தாள். அடுத்த வருடம் உப்பு நன்றாக விளைகிற சீசன், "அப்பால பாத்துக்கலாம்கா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. மாதா மாதம் அதே ஆஸ்பத்திரிக்கு, அவள் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸில் போனேன்.

என் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒருநாள் அவளைத் தேடி உப்பளத்துக்கே போனேன். வெயில் ஏறியிருந்தது. காலிக் கூடையோடு வரப்பில் நடந்து வந்தாள். உதடு வெடித்திருந்தது. குனிந்து பார்த்தேன், இடது கால் கட்டைவிரலில் வெள்ளையாக இருந்தது. அங்கே எல்லோர் காலும் வெள்ளைதான். அது உப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றேன்.

"குடிக்கிறேன்கா."

உப்பளத்தில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் எப்படி உண்மையாக இருக்கும்? வாத்தியாரிடம் பிள்ளைகள் சொல்வதுபோல் சொன்னாள். நானும் வருகைப் பதிவேட்டில் டிக் அடிப்பதுபோல் அதை வாங்கிக்கொண்டு, பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பழைய நம்பர்

அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஓடின. நான் ரிட்டயர் ஆனேன். ஒருநாள் ஏழுமலை போன் செய்தார். "காலைல எழுந்தா மூஞ்சி வீங்கிக்கினு இருக்குதுங்க. காலும் அப்படித்தான். நீங்க ஒரு தபா வந்து பாக்கறீங்களா?"

பார்த்த உடனே தெரிந்தது. என் முகத்தில் பார்த்திருக்கிறேன் அந்த வீக்கத்தை.

அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கவுண்ட்டரில் புதிதாக வந்த ஒரு பெண். பழைய நம்பரைத் தட்டித் திரையைப் பார்த்தாள்.

"நீங்க டோனர்னு வருதேம்மா. பேஷன்ட் வரலையா?"

மல்லிகா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "இப்ப பேஷன்டும் நான்தாம்மா," என்றாள்.

பழைய டாக்டர் மாறிப் போயிருந்தார். புதியவர் இளைஞர். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிக்கடி நீர்க்கடுப்பு வருமா என்று கேட்டார். "வரும்ங்க, அது சூடுதானே" என்றாள். திரும்பத் திரும்ப வந்த அதுதான் மிச்சமிருந்த கிட்னியைக் கெடுத்திருக்கிறது, வருடா வருடம் வந்திருந்தால் முன்னாடியே பிடித்திருக்கலாம் என்றார். அவர் அதை எங்கள் இருவருக்கும் பொதுவாகத்தான் சொன்னார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. நான்தான் கூடப் போகிறேன். நான் ஒரு காலத்தில் படுத்திருந்த அதே வரிசைப் படுக்கை. உப்பளத்துக்கு இனிமேல் அவள் போக முடியாது. இங்கே நிழல் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பத்தடியில் பாத்ரூம் இருக்கிறது. ஆனால் குடித்தது வெளியே போகாது என்பதால், இப்போது அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான், குழம்பு, டீ எல்லாம் அதற்குள். எனக்கோ இன்றும் மூன்று லிட்டர் கணக்கு. எனக்கு நேரமானால் வராண்டாவுக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று குடித்துவிட்டு வருகிறேன். மல்லிகாவுக்குத் தெரியும். "இங்கயே குடியேன்கா" என்பாள். என்னால் முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாற்று சிறுநீரகத்துக்குப் பதிவு செய்கிற பெண் ஒருத்தி கையில் ஃபாரத்தோடு வந்து படுக்கை அருகில் நின்றாள். சின்னப் பெண். சிரித்த முகம்.

"வீட்டுக்காரர் குரூப் சேரலைன்னு இருக்குது. பசங்க இருக்காங்களாம்மா?"

"ஒரு பொண்ணு. அது வேணாங்க. இன்னும் புள்ள குட்டி பெக்கணும்," என்றாள் மல்லிகா.

"சரி. கூடப் பொறந்தவங்க? டோனர் பாக்கறதுன்னா முதல்ல அவங்களதான் பாப்போம்."

மல்லிகா ஊசி குத்தாத கையால் என்னைக் காட்டினாள்.

"இதோ, அக்கா ஒருத்திதான். அவகிட்ட ஓடுறதே ஒண்ணுதாங்க. அதுவும் என்னுது."

அந்தப் பெண் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். பிறகு என் மாஸ்க்கைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டு பேனாவைத் தேடினாள்.

எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. யாரும் கேட்காமலேயே அவளிடம் சொன்னேன். உப்பளத்தில் மறைவு கிடையாது என்றேன். பெண்கள் வாயை நனைத்துத் துப்பிவிட்டு வேலை செய்வார்கள் என்றேன். டோனர் ஆன பிறகும் இவள் அங்கேதான் போனாள், தண்ணீர் குடிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஆபரேஷனுக்கு முன்னாலேயே தெரியும், டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் வகுப்பறைக் குரலாக ஏறிவிட்டது.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "இந்த ஃபாரத்துல அதுக்கு எடம் இல்லைங்க மேடம். நான் டாக்டர்கிட்ட சொல்றேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏங்க்கா," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இத்த நீ அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருந்தாலும் நான் குடுத்திருப்பேன். வேணும்னா பாத்தி வேலைய உட்டிருப்பேன்."

கோபமே இல்லை அவள் குரலில். நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

இத்தனை வருடமும் என் மௌனத்தால்தான் என் உயிர் மிஞ்சியது என்று நினைத்திருந்தேன். அந்தப் பாவத்தைச் சுமக்கவும் ஒருவாறு பழகியிருந்தேன். ஆனால் அந்த மௌனம் எதையும் காப்பாற்றவே இல்லை. நான் அன்று பேசியிருந்தாலும் அவள் எனக்குக் கொடுத்திருப்பாள். இன்று ஆளுக்கு ஒன்று இருந்திருக்கும்.